உடன்படிக்கையும் லயத்துக் கழிப்பறையும் – கடிதம்

அன்பின் அண்ணா,

2025 மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதார சபை பெருந்தொற்றுகளைத் தடுக்கவும் சமாளிக்கவும் நாடுகள் சேர்ந்து இயங்குவதற்கான பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. இனி நம் நாட்டுச் சுகாதாரக் கொள்கையை வெளிநாட்டுக்காரர்தான் எழுதுவார்கள் என்று எங்கள் ஆசிரியர் அறையில் ஒரே பேச்சு. மலையகத் தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்கு இதனால் நன்மையா, கெடுதியா?

ஓர் ஆசிரியை, மஸ்கெலியா

அன்பின் தங்கைக்கு,

அந்தப் பயம் வேண்டாம். ஊரடங்கு போடு, எல்லையை மூடு, தடுப்பூசி ஏற்று என்று எந்த நாட்டுக்கும் கட்டளையிடும் அதிகாரம் உலக சுகாதார நிறுவனத்துக்கு இல்லை என்று உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறது. என் கவலை வேறு. வெளியிலிருந்து வரும் உதவி கொழும்பு வரை ஒழுங்காக வந்துவிடும். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயம் வரை வருமா?

நோயைத் தடுக்க நாடுகள் கைகோர்ப்பது நம் சனத்துக்குப் புதிதில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணில், இராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபம் என்ற ஊரில், முகாம் நடத்தியது. தோட்ட வேலைக்காகக் கடல் தாண்டுமுன் நம் பாட்டன் பூட்டன்களை அங்கே நாட்கணக்கில் மறித்து வைத்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். கொலராவும் பிளேக்கும் தீவுக்குள் வராதிருக்க இரண்டு அரசாங்கங்களும் கைகோர்த்தன. வந்து சேர்ந்தவர்களின் லயத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது அந்த முகாமின் வேலையாக இருக்கவில்லை.

1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. வெறுங்காலில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவரின் பாதத்தைத் துளைத்து ஏறும் புழு அது. குடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. கழிப்பறை கட்டச் செலவழிக்கத் தோட்டங்களை நடத்திய துரைமார் பலர் பின்வாங்கினார்கள். மருந்து குடித்தவர் மறுபடி அதே மண்ணை மிதிக்க, புழுவும் மறுபடி காலேறியது.

மலேரியா கதை வேறு மாதிரி. 1963இல் நாடு முழுவதும் 17 பேருக்குத்தான் கண்டது. போய்விட்டது என்று கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். அந்தப் பத்தாண்டு முடியுமுன் நோயாளிகள் இலட்சக்கணக்கில் பெருகினார்கள். அந்த அடி வாங்கிய பிறகு விடாமல் உழைத்தார்கள். போர் நடந்த இடங்களிலும் வேலை முற்றாக நிற்கவில்லை. 2012 ஒக்டோபருக்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் உள்நாட்டில் தொற்று இல்லை. 2016 செப்டம்பரில் மலேரியா ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் கிடைத்தது. எயிட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிராக நாடுகளுக்குப் பணம் தரும் உலக நிதியம் பணம் தந்தது. காய்ச்சல்காரரின் விரலில் குத்தி இரத்தம் எடுத்தவர் நம் அரசாங்கச் சம்பளக்காரர். (இந்தியாவுக்கு யாத்திரை போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால், எங்கே போய் வந்தோம் என்பதை டொக்டரிடம் முதலில் சொல்லச் சொல்லுங்கள். இப்போது நோய் வெளியிலிருந்துதான் வருகிறது.)

தோட்டத்தில் அப்படி ஓர் அரசாங்க ஆள் யார்? பல தோட்டங்களில் டிஸ்பென்சரி என்ற சிறு மருந்தகம் இன்னும் தோட்டக் கம்பனி கையில். டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய ஆஸ்பத்திரி 2017இல் திறக்கப்பட்டது, மனதார வரவேற்கிறேன். தோட்டத்தின் மலை உச்சிப் பிரிவான மேல் டிவிசனிலிருந்து பிரசவ வலியோடு கொழுந்து லொறியில் அங்கே குலுங்கிப் போகும் பெண்ணுக்கு, அந்த ரோட்டைப் போடுவது கம்பனியா பிரதேச சபையா என்ற இழுபறி இன்னும் முடியவில்லை.

ஆசிரியர் அறையில் பேச வேண்டியது இதைத்தான் என்பேன். தோட்டத்து டிஸ்பென்சரிகளை அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டும். பாடசாலையில் பூச்சி மாத்திரை கொடுக்கும்போது, எத்தனை குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை என்று பிள்ளைகளிடம் கேட்டு எழுதுங்கள். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒரு பிரதி, தோட்டத்து முகாமையாளருக்கு ஒரு பிரதி கொடுங்கள். எனக்கும் ஒன்று அனுப்புங்கள், இங்கே வெளியிடுகிறேன்.