'ஆண்டவரே, அந்தத் திருடனையும் ஆசீர்வதியும்'

கேள்வி: பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே நான் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். மூத்தவளுக்கு எட்டு வயது, இளையவனுக்கு ஆறு. வேதபாடம், கணக்கு எல்லாம் ஒருமாதிரி ஓடிவிடுகிறது. நாடு, அரசாங்கம் என்று வரும்போதுதான் திணறுகிறேன். கையில் இருக்கும் ஒரு புத்தகம், நம் தேசத்தில் எல்லாரும் புனிதர்கள் என்கிறது. இன்னொன்றில் தேசம் செய்த பாவங்களின் பட்டியல் மட்டும்தான் இருக்கிறது. ரோமர் 13 படித்தோம். 'அதிகாரங்கள் தேவனால் வந்தவை' என்று விளக்கினேன். "அப்ப ஹிட்லரை யார் வைத்தது?" என்று மூத்தவள் கேட்டுவிட்டாள். வாயடைத்துப் போனேன். போன வாரம் குடும்ப ஜெபத்தில் இளையவன், "ஆண்டவரே, அந்தத் திருடனையும் ஆசீர்வதியும்" என்றான். செய்தி பார்க்கும்போது அவன் அப்பா நாட்டின் தலைவரை அப்படித்தான் அழைப்பார். பிள்ளைகளுக்கு நாட்டின்மேல் பற்று வேண்டும், பொய்யும் சொல்லக் கூடாது. என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் இளையவனின் ஜெபத்துக்கு நான் வாய்விட்டுச் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் மேஜையில் இரண்டு புத்தகம் இருப்பதாகச் சொல்கிறீர்கள். மூன்றாவது ஒன்றும் அங்கேதான் இருக்கிறது. தன் ஜனத்தின் சரித்திரத்தை வேதாகமம் எப்படிச் சொல்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அசீரிய ராஜா சனகெரிப் தன் படையெடுப்புகளைக் களிமண்ணில் எழுதிவைத்தான். அந்தக் களிமண் எழுத்து இன்றும் இருக்கிறது. யூதாவின் ராஜா எசேக்கியாவை எருசலேமுக்குள் கூண்டுப் பறவைபோல் அடைத்தேன் என்று அதில் பெருமையடிக்கிறான். நகரத்தைப் பிடித்தேன் என்று மட்டும் எழுதவில்லை, ஏனென்றால் பிடிக்க முடியவில்லை. பழைய காலத்து ராஜாக்களின் கணக்குப்பிள்ளைகள் அப்படித்தான் எழுதுவார்கள், தோல்வி வரும் இடத்தில் பேனா தாவிவிடும். இஸ்ரவேலின் புத்தகத்தில் அந்தத் தாவல் இல்லை. அவர்கள் உயிராய் நேசித்த தாவீது ராஜா அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டதும், அவனைப் போர்முனையில் சாகவைத்ததும் அப்படியே இருக்கிறது. "நீயே அந்த மனுஷன்" என்று தீர்க்கதரிசி நாத்தான் முகத்துக்கு நேரே சொன்னதும் இருக்கிறது. சொந்த நாட்டின் குற்றத்தைச் சொல்பவன் துரோகி என்றால், தீர்க்கதரிசிகளில் பாதிப் பேரைத் துரோகிகள் பட்டியலில்தான் சேர்க்க வேண்டும். எருசலேமுக்காக அழுத எரேமியாதான் எருசலேமை அதிகமாகக் கண்டித்தவர்.

ஆகவே, பற்றா உண்மையா என்று தேர்ந்தெடுக்கும் நெருக்கடி உங்களுக்கு இல்லை. இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கும் புத்தகத்தைப் படித்துத்தான் உங்கள் பிள்ளைகள் வளர்கிறார்கள். பாடம் எடுக்கும்போது நாமாக அதில் பாதியை விழுங்காமல் இருந்தால் போதும்.

விழுங்குகிறோம் என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? நானே விழுங்கியிருக்கிறேன். பல வருடம் சண்டே ஸ்கூலில் எகிப்தில் அதிகாரியான யோசேப்பின் கதையை ஆதியாகமம் 41-உடன் முடித்துக்கொள்வேன். ஏழு செழிப்பான வருடங்களில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்தான், பஞ்சத்தில் ஜனங்கள் பிழைத்தார்கள், சுபம். ஒரு நாள் ஒரு பையன் கேட்டான்: "சேர்த்துவச்ச தானியத்தை சும்மா குடுத்தாரா, வித்தாரா?" 47-ஆம் அதிகாரத்தைத் திறக்க வேண்டியதாயிற்று. விற்றார். முதலில் ஜனங்களின் பணம் போனது, அப்புறம் ஆடுமாடு, அப்புறம் நிலம், கடைசியில் அவர்களே பார்வோனுக்கு அடிமையானார்கள். அரசாங்கம் உயிர்காக்கும், அதே கையால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளவும் செய்யும். இரண்டும் ஒரே கதையில், ஒரே நல்ல மனிதரின் கையால் நடக்கிறது. அந்தப் பையனுக்கு அது புரிந்தது. எனக்குத்தான் அதுவரை புரியாமல் இருந்தது.

எட்டு வயதுக்காரிக்கு ஒரு வேலை கொடுங்கள். உபாகமம் 17-இல் ராஜா செய்யக் கூடாத மூன்று காரியங்கள் இருக்கின்றன: குதிரைகளைப் பெருக்கக் கூடாது, மனைவிகளைப் பெருக்கக் கூடாது, வெள்ளியையும் பொன்னையும் மிகுதியாகச் சேர்க்கக் கூடாது. இதை ஒரு தாளில் எழுதச் சொல்லிவிட்டு, 1 இராஜாக்கள் 10, 11 அதிகாரங்களில் சாலொமோனின் கணக்கைத் தேடச் சொல்லுங்கள். இரதங்கள் 1,400. குதிரைகள் எங்கிருந்து வந்தன? எகிப்திலிருந்து. அங்கே போகக் கூடாது என்றும் உபாகமம் சொல்லியிருக்கிறது. ஒரே வருடத்தில் வந்த பொன் 666 தாலந்து. மனைவிகள் 700. மூன்றிலும் அவளே சிவப்பு மையில் பெருக்கல் குறி போடட்டும். அதே உபாகமப் பகுதியில், ராஜா நியாயப்பிரமாணத்தைத் தனக்கென்று ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க வாசிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆளுகிறவன் சட்டத்துக்கு மேலே இல்லை, கீழே இருக்கிறான் என்பதை அரசியல் சாசனம் என்ற வார்த்தையே வராமல் அவள் பிடித்துக்கொள்வாள்.

இளையவனுக்கு நாபோத்தின் திராட்சத்தோட்டம். இதை நாடகமாகப் போடுங்கள், நானும் பலமுறை போட்டிருக்கிறேன். ஆகாப் ராஜா கீரைக்கொல்லை போட ஆசைப்பட்டுப் பக்கத்துத் தோட்டத்தைக் கேட்கிறான். விலை தருகிறேன் என்கிறான், அதைவிட நல்ல தோட்டம் தருகிறேன் என்கிறான். அதுவரை தப்பில்லை. நாபோத் முடியாது என்கிறான். அதுவும் தப்பில்லை, அது அவன் பிதாக்களின் சுதந்தரம். ராஜா கட்டிலில் முகத்தைத் திருப்பிப் படுத்துக்கொண்டு சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். ஆறு வயதுக்காரன் இதை நடிக்கும்போது நடிப்பே தேவைப்படாது.

அடுத்த காட்சியில் நிதானமாகப் போங்கள். ராணி யேசபேல் ஆளனுப்பிக் கழுத்தை வெட்டவில்லை. கடிதம் எழுதுகிறாள். ராஜாவின் முத்திரை போடுகிறாள். ஊர்ப் பெரியவர்களுக்கு அனுப்புகிறாள். உபவாசம் கூறுகிறார்கள், சபை கூட்டுகிறார்கள், இரண்டு சாட்சிகளை நிறுத்துகிறார்கள். எல்லாம் முறைப்படி நடக்கிறது, சாட்சி மட்டும் பொய். நாபோத் கல்லெறியுண்டு சாகிறான். இந்த இடத்தில் நிறுத்தி, "யார் வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்?" என்று கேளுங்கள். கடிதம் கொண்டுபோனவன், பெரியவர்கள், சாட்சிகள், கல்லெடுத்தவர்கள் என்று பிள்ளைகளே ஒவ்வொருவராகச் சொல்வார்கள். அரசாங்கம் என்பது கிரீடம் வைத்த ஒரே ஆள் இல்லை, நடுவே இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அந்தப் பட்டியலிலேயே வந்துவிடும். இவ்வளவையும் பார்த்த பிறகு, ராஜாவைக் கண்டிக்கத் தீர்க்கதரிசி எலியா வரட்டும்.

சரி, ஹிட்லர்.

"யார் வைத்தது?" என்ற கேள்விக்கு முதலில் சரித்திர பதிலைச் சொல்லுங்கள்: மனிதர்கள் வைத்தார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் அவர் கட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள். 1933 ஜனவரி 30 அன்று ஜெர்மன் ஜனாதிபதி ஹிண்டன்பர்க் அவரை சான்சலராக நியமித்தார். மார்ச்சில் நாடாளுமன்றமே தன் அதிகாரத்தை அவர் கையில் தூக்கிக் கொடுத்தது. 'ஆண்டவர் வைத்தார்' என்று ஒரே வரியில் முடித்தால் இவர்கள் எல்லாரும் தப்பித்துவிடுவார்கள்.

வேதபதிலுக்கு உங்களையே உதாரணமாக வையுங்கள். "அம்மாவுக்கு உன்மேல் அதிகாரம் கொடுத்தது யார்?" ஆண்டவர். "அப்போ, பக்கத்து வீட்டில் திருடிட்டு வான்னு அம்மா சொன்னா?" மாட்டேன் என்பாள். அவ்வளவுதான். அதிகாரம் தேவன் தந்தது, எதற்காகத் தந்தார் என்பதையும் அதே ரோமர் 13 சொல்கிறது: உனக்கு நன்மை உண்டாவதற்காக. பவுல் அதை எழுதிய காலத்தில் ரோமாபுரியில் உட்கார்ந்திருந்தவன் நீரோ. ஆள் யாரென்று தெரியாமல் எழுதிய வரிகள் அல்ல அவை. அதே பவுலைப் பிலிப்பியில் விசாரணையே இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, மறுநாள் சத்தமில்லாமல் போகச் சொன்னபோது அவர் போகவில்லை. ரோமரை விசாரியாமல் அடித்தீர்களே, அதிகாரிகளே நேரில் வந்து எங்களை வெளியே விடட்டும் என்றார். வந்தார்கள். கீழ்ப்படிதல் என்றால் வாய்மூடி இருப்பது என்று நினைக்கிறவர்களுக்கு அப்போஸ்தலர் 16-ஐ நான் எப்போதும் சிபாரிசு செய்வேன்.

டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற இளம் ஜெர்மன் போதகரைப் பற்றியும் சொல்லுங்கள். ஹிட்லர் பதவியேற்று இரண்டு நாள் கழித்து அவர் வானொலியில் பேசினார். தன்னையே விக்கிரகமாக்கிக்கொள்ளும் தலைவன் ஜனங்களை வழிதவறச் செய்வான் என்பது பேச்சின் சாரம். பேச்சு முடியும் முன்பே ஒலிபரப்பு நின்றுபோனது. 1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். ஹிட்லரைக் கொல்லத் திட்டமிட்ட கூட்டத்தோடு அவருக்குத் தொடர்பு இருந்ததை மூத்தவள் வளர்ந்தபின் பேசிக்கொள்ளலாம், இப்போது வேண்டாம்.

ஆனால் போன்ஹோஃபரோடு நிறுத்தினால் அதுவும் ஒரு தாவல்தான். அந்நாளில் ஆலயத்துக்குள்ளேயே ஹிட்லரின் கொடியை ஏற்றிய கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். இன்னொன்று: 1807-இல் லண்டனில், கரீபியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே ஒரு வேதாகமம் அச்சிட்டார்கள். எகிப்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையான கதையைக் காணோம். கத்தரித்து எடுத்துவிட்டார்கள். அடிமை வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் பிரிட்டனில் நிறைவேறியதும் அதே 1807-இல்தான். அதற்காக இருபது வருடம் போராடிய நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸும் கிறிஸ்தவரே. நம் ஆட்கள் எப்போதும் நல்ல பக்கம் நின்றார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். பதினாறு வயதில் அவர்களே படித்துத் தெரிந்துகொள்வார்கள். அன்று சரித்திரத்தோடு சேர்த்து நீங்கள் சொன்ன மற்றதையும் சந்தேகிப்பார்கள்.

இதற்காக ஆறு வயதுக்காரனிடம் எல்லாக் கொடுமையையும் கொட்ட வேண்டாம். "மனுஷரை விலைக்கு வாங்கி வேலை வாங்கினாங்க, அது பாவம், சிலர் எதிர்த்தாங்க" என்பது அவனுக்குப் போதும். சின்ன உண்மைதான், ஆனால் பின்னால் திருத்த வேண்டியிராத உண்மை.

பற்றைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. அது பாடத்தால் வருவதில்லை. பிள்ளைகள் தாங்கள் நடக்கும் தெருவை, பேசும் பாஷையை, பக்கத்து வீட்டாரைத் தானாகவே நேசிக்கிறார்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களிடம்கூட, நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்றுதான் எரேமியா எழுதினார். அந்நிய ஊருக்கே அது என்றால் சொந்த ஊருக்குச் சொல்ல வேண்டுமா?

கொடி, தேசிய கீதம் விஷயத்தில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. மரியாதையாக எழுந்து நிற்பதிலோ பாடுவதிலோ எனக்குத் தடையில்லை. யெகோவாவின் சாட்சிகள் என்ற மதக்குழுவைச் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் கேரளத்தில் எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பள்ளி அவர்களை வெளியேற்றியது. 1986-இல் இந்திய உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பளித்தது. கொடிவணக்கம் செய்யாத பிள்ளைகளுக்காக 1943-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அப்படியே செய்தது. அவர்களுடைய போதனை நமக்கு ஒத்துவராது. ஆனாலும் இந்தக் கதையை மூத்தவளிடம் சொல்லலாம். ஒரு நாடு எந்தக் காரியத்துக்காகப் பெருமைப்படலாம் என்று கேட்டால், நான் இந்த மாதிரித் தீர்ப்பைத்தான் காட்டுவேன்.

வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு குறை உண்டு, கோபிக்காமல் கேளுங்கள். ஆசிரியரும் நீங்களே, அப்பா அம்மாவும் நீங்களே. மாற்றுக் கருத்து வீட்டுக்குள் வர வழியே இல்லை. உங்கள் வீட்டார் எதிர்த்து ஓட்டுப்போடும் கட்சியை மனதார ஆதரிக்கும் ஒருவர் சபையிலோ சொந்தத்திலோ கட்டாயம் இருப்பார். அவரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, ஏன் அப்படி நினைக்கிறார் என்று பிள்ளைகள் முன்னால் கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். தெருவில் எரியாத விளக்கு ஒன்று இருந்தால், மூத்தவளே உரிய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதட்டும். பதில் வரும்வரை தேதிகளைக் குறித்துவைக்கட்டும். எந்தப் பாடப்புத்தகமும் அந்தக் காத்திருப்பைக் கற்றுக்கொடுக்காது.

இப்போது இளையவனின் ஜெபம். ராஜாக்களுக்காகவும் அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கச் சொன்ன பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தை அந்தப் பிள்ளை நம்மில் பலரைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறான். பிடிக்காத ஆளுக்கு ஆசீர்வாதம் கேட்டிருக்கிறான். அதற்காகத் திட்டாதீர்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் மறுநாள் எடுத்துப் பேசுங்கள். "அவர் என்ன திருடினார்? யார் பார்த்தது? நிரூபிச்சாங்களா?" நிரூபணம் ஆன குற்றம் என்றால் அதை அப்படியே சொல்லலாம், நாத்தானும் சொன்னார். இல்லையென்றால் நாபோத்துக்கு எதிரே நின்ற இரண்டு சாட்சிகளை அவனுக்கு ஞாபகப்படுத்துங்கள், நாடகத்தில் அவனே ஒரு சாட்சியாக நடித்திருப்பான். ராஜா முன்னிலையிலும் பொய்ச்சாட்சி சொல்லக் கூடாது, ராஜாவைப் பற்றியும் சொல்லக் கூடாது.

இந்தப் பாடத்தை மட்டும் காலையில் வைக்காதீர்கள். சாயங்காலம், செய்தி ஓடும் நேரத்தில், அவன் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வையுங்கள்.