தனிக் கலைச்சந்தை எதற்கு? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற அக்டோபரில் லண்டன் சாமர்செட் ஹவுஸில் நடந்த ‘1-54’ கலைச்சந்தைக்குப் போயிருந்தேன். ஆப்பிரிக்கக் கலைஞர்களுக்கும், உலகெங்கும் பரவியுள்ள ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குமான சந்தை. அறை அறையாகக் கேலரிகள். பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே வரும்போது இரண்டு விஷயங்கள் உறுத்தின. கலைக்கு ஏது நிறம்? நல்ல ஓவியம் என்றால் பொதுச் சந்தையிலேயே இடம்பிடிக்கட்டுமே. தனியாக ஒதுக்கி வைப்பதும் ஒருவகைத் தீண்டாமைதானே? இரண்டாவது, எங்கு திரும்பினாலும் விலைப்பேச்சு. அடிமைத்தனத்தின் வலியைச் சொல்லும் ஓவியத்தின் அருகில் நின்று ஒருவர் பேரம் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பா., லண்டன்

அன்புள்ள பா.,

உங்கள் முதல் கேள்வியைக் கறுப்பினக் கலைஞர்களே உங்களைவிடக் கடுமையாகக் கேட்டிருக்கிறார்கள். நியூயார்க்கில் ஹார்மன் அறக்கட்டளை 1928 முதல் கறுப்பினக் கலைஞர்களுக்கென்று கண்காட்சிகள் நடத்தியது. அப்போது இளைஞராக இருந்த கறுப்பின ஓவியர் ரொமாரே பியர்டன் 1934இல் ‘ஆப்பர்ச்சுனிட்டி’ இதழில் அதைப் போட்டுத் தாக்கினார். கறுப்பர் வரைந்தது என்பதற்காகவே சுமாரான படங்களையும் தட்டிக்கொடுக்கிறார்கள், இது கலைஞனைக் கெடுக்கும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருந்தது. வெள்ளைக்காரப் புரவலர் பரிவோடு தலையைத் தடவிக்கொடுப்பதைத் தன்மானமுள்ள எந்தக் கலைஞன் பொறுத்துக்கொள்வான்?

சரி, பொதுவில் போட்டியிட்டவர்கள் கதி என்ன? 1941இல் லோயிஸ் மெய்லோ ஜோன்ஸ் என்ற கறுப்பின ஓவியர் வாஷிங்டனின் கார்கரன் கேலரிப் போட்டிக்கு ஒரு ஓவியம் அனுப்பினார். கறுப்பினத்தவரின் படைப்புகளை அங்கே ஏற்கமாட்டார்கள். அதனால் செலின் தபாரி என்ற பிரெஞ்சுத் தோழி கொண்டுபோய்க் கொடுத்தார். படத்துக்கு விருது கிடைத்தது. வரைந்தவர் யார் என்று தெரிந்தால் விருது போய்விடும் என்பதால் ஜோன்ஸ் நேரில் போய் வாங்கவில்லை. கார்கரன் அவரிடம் மன்னிப்புக் கேட்டது 1994இல். அதற்குள் அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது.

எலிசபெத் கேட்லெட் என்ற சிற்பியின் கதையையும் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தவர். கார்னகி தொழில்நுட்பக் கல்லூரி அவரைக் கறுப்பர் என்பதற்காகச் சேர்த்துக்கொள்ளவில்லை. பின்னாளில் நியூ ஆர்லியன்ஸில் ஒரு கறுப்பினக் கல்லூரியில் ஆசிரியரானார். அந்த ஊர் டெல்கடோ அருங்காட்சியகத்துக்குப் பிக்காசோவின் ஓவியங்கள் வந்தன. மாணவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆனால் அருங்காட்சியகம் இருந்தது ஒரு பூங்காவுக்குள். அந்தப் பூங்காவில் கறுப்பினத்தவர் கால் வைக்கக் கூடாது. கேட்லெட் விடவில்லை. அருங்காட்சியகம் பொதுமக்களுக்கு மூடியிருக்கும் ஒரு நாளில் போகப் பேசி அனுமதி வாங்கி, மாணவர்களைப் பேருந்தில் ஏற்றி, பூங்காவின் மண்ணை மிதிக்காமல் நேராகக் கட்டடத்தின் படிக்கட்டில் கொண்டுபோய் இறக்கினார். பலருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் அருங்காட்சியகம். அறை அறையாக ஓடி ஓடிப் பார்த்தார்களாம்.

அதே கேட்லெட்டின் ‘தாயும் சேயும்’ சுண்ணாம்புக்கல் சிற்பம் 1940இல் முதல் பரிசு பெற்றது எங்கே தெரியுமா? சிகாகோவில் கறுப்பின மக்களே நடத்திய பெரும் பொருட்காட்சியில். ஒதுக்கிவைத்தவர்கள் வேறு, இடம் கொடுத்தவர்கள் வேறு. உங்கள் கடிதத்தில் இந்த இரண்டும் கலந்துவிட்டன. தீண்டாமை என்ற சொல்லைக் கதவைச் சாத்தியவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே நின்றவர்கள் தங்களுக்கென்று போட்டுக்கொண்ட பந்தலுக்கு அது பொருந்தாது.

பியர்டனுக்கே இது பின்னாளில் புரிந்தது என்று நினைக்கிறேன். 1963இல் அவருடைய ஸ்டூடியோவில்தான் ‘ஸ்பைரல்’ என்ற கறுப்பினக் கலைஞர் குழு கூடியது. 1969இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், அந்நகரின் கறுப்பின மக்கள் பகுதியான ஹார்லெம் பற்றி ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. ஹார்லெமில் வாழ்ந்த ஓவியர்களின் ஓர் ஓவியம்கூட அதில் இல்லை! கலைஞர்கள் வாசலில் மறியல் செய்தார்கள். அதே ஆண்டு பியர்டனும் நண்பர்கள் இருவரும் சேர்ந்து இளம் சிறுபான்மைக் கலைஞர்களுக்காக ‘சிங்கே’ கேலரியைத் தொடங்கினார்கள். மாறியது அவருடைய தர அளவுகோல் அல்ல என்பது என் எண்ணம். யார் கையில் அந்த அளவுகோல் இருக்க வேண்டும் என்பதில்தான் அவர் தெளிவானார். நீங்கள் போன 1-54ஐ 2013இல் தொடங்கிய தூரியா எல் கிலாவியும் மொரோக்கோ ஓவியர் ஒருவரின் மகள்தான், வெளியிலிருந்து வந்த புரவலர் அல்ல.

இனி விலைப்பேச்சு. இதில் நான் உங்களோடு முற்றிலும் வேறுபடுகிறேன். ஹேல் வுட்ரஃப் என்ற ஓவியர் 1942இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் கறுப்பினக் கலைஞர்களுக்கான ஆண்டுக் கண்காட்சியைத் தொடங்கினார். 1970 வரை நடந்தது. பரிசு என்றால் பாராட்டுப் பத்திரம் அல்ல. பரிசு பெற்ற படைப்பைப் பல்கலைக்கழகமே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும். அப்படிச் சேர்ந்த படைப்புகள் இன்றும் அங்கே ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வாங்க ஆள் இல்லாத படங்களோ பரணிலும் ஈரச் சுவரிலும் அழிந்துபோகும். விற்பனை என்பது ஓவியத்துக்கு ஆயுள்.

நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அது ஏலக்கூடம். கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் என்ற கறுப்பின அமெரிக்க ஓவியரின் ‘பாஸ்ட் டைம்ஸ்’ ஓவியத்தைப் பாருங்கள். பூங்காவில் ஒரு கறுப்பினக் குடும்பம் விரிப்பு விரித்து உட்கார்ந்திருக்கிறது. ஒருவர் கோல்ஃப் ஆடுகிறார், பின்னால் ஏரியில் படகு போகிறது. கேட்லெட்டின் மாணவர்களுக்கு மறுக்கப்பட்ட சாதாரணப் பொழுதுபோக்கு அவ்வளவும் அதில் உண்டு. 1997இல் சிகாகோவின் பொது அமைப்பு ஒன்று 25,000 டாலருக்கு வாங்கிய படம், 2018இல் சதபீஸ் ஏலத்தில் 2.11 கோடி டாலருக்குப் போனது. அமெரிக்காவில் மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரும் சட்டம் இல்லாததால், அந்தத் தொகையில் மார்ஷலுக்கு உரிமையாக ஒரு காசும் கிடையாது. பிரிட்டனில் 2006 முதல் ஒரு சிறு பங்கு உண்டு, அதற்கும் உச்சவரம்பு இருக்கிறது. 1-54 போன்ற சந்தைகளில் பெரும்பாலும் முதல் விற்பனைதான் நடக்கும். விலையில் ஏறக்குறைய பாதியைக் கேலரி எடுத்துக்கொண்டாலும் மீதி உயிரோடிருக்கும் கலைஞரின் கைக்குப் போகும். வாடகைக்கும் வண்ணத்துக்கும் அடுத்த படத்துக்கும் அதுதான். நீங்கள் பார்த்த அந்த மனிதர் பேரம் பேசட்டும். பேசி முடித்து வாங்கினாரென்றால் எனக்குச் சந்தோஷமே.

வலியைச் சொல்லும் படத்தைப் பணக்காரர் மட்டும்தான் வாங்க முடிகிறது என்பது உங்கள் வருத்தமென்றால், அது கேட்லெட்டுக்கும் இருந்தது. மெக்சிகோ போய், மக்கள் அச்சுப் பட்டறை ஒன்றில் சேர்ந்து, லினோலியத்தில் செதுக்கி அச்சுப் படங்கள் போட்டார். அவற்றில் ஒன்றில் குத்தகை விவசாயப் பெண்ணின் முகம், அகன்ற வைக்கோல் தொப்பி, மேலாடையைப் பிடித்து நிற்கும் ஒரு சாதாரண ஊக்கு. ஒரே படத்தைப் பல பிரதி எடுக்கலாம், விலை குறையும். இன்றைய கலைச்சந்தைகளிலும் அச்சுப் படங்கள் கிடைக்கும். அடுத்த முறை அவற்றைத் தேடிப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. உங்கள் கடிதத்தில் சந்தை இருக்கிறது, விலை இருக்கிறது, பேரம் பேசியவர் இருக்கிறார். அந்த ஓவியம் எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவே இல்லை. யார் வரைந்தது, எந்த ஊர், முதலில் எது கண்ணில் பட்டது? நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள், காத்திருக்கிறேன்.