கஸ்டம் சைக்கிள் செய்யக் குடுக்கப் போறேன். எலக்ட்ரானிக் கியர் போடலாமா, இல்ல கேபிளே போதுமா?

என்னைக் கேட்டா கேபிள்தான், அதாவது கம்பி இழுத்து கியர் மாத்தறது. எலக்ட்ரானிக்னா பேட்டரில ஓடற குட்டி மோட்டார் மாத்தும். ஆனா என் வீட்டுல இருக்கற ரெண்டு சைக்கிள்ல ஒண்ணு எலக்ட்ரானிக், அதையும் வாங்கினது நான்தான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்லிடறேன்.

ஸ்டீல் ஃப்ரேம், பிஆர்எம் (குறிச்ச டைமுக்குள்ள முடிக்க வேண்டிய நீள தூர சைக்கிள் ரைடு) மாதிரி நீள ரைடு, பட்ஜெட்டை இழுத்துப் பிடிச்சா எலக்ட்ரானிக்கும் எட்டும்னு சொல்லியிருக்கீங்க. ரெடிமேட் சைக்கிள்னா எது வேணா வாங்கிட்டு அப்புறம் யோசிக்கலாம். கஸ்டம்ல டியூபை வெட்டறதுக்கு முன்னாடியே ஃப்ரேம் செய்யறவர் கேட்டுடுவார், கேபிள் ஸ்டாப் (கேபிளோட மேலுறை வந்து முட்டி நிக்க ஃப்ரேம்ல வைக்கற குட்டித் துண்டு) வைக்கணுமா, ஓட்டை எங்கெங்க போடணும்னு. எலக்ட்ரானிக்ல ஷிமானோ கம்பெனியோட டி.ஐ.2ன்னா சீட்போஸ்ட்டுக்குள்ள பேட்டரி, அதுலேர்ந்து முன்னாடி பின்னாடி ரெண்டு டெரெய்லருக்கும் (செயினை ஒரு பல்சக்கரத்துலேர்ந்து இன்னொண்ணுக்குத் தள்ளற பாகம்) ஒயர், அதுக்கு ஃப்ரேம்ல வழி வேணும். ஸ்ராம் கம்பெனியோட ஆக்ஸஸ்னா வயர்லெஸ், ரெண்டு டெரெய்லர் மேலயும் தனித்தனியா குட்டி பேட்டரி, கியருக்குன்னு ஒரு ஓட்டையும் வேண்டாம், ஃப்ரேம் வழவழன்னு அழகா இருக்கும். அங்கதான் மாட்டிப்போம். கேபிள் ஸ்டாப் வச்ச ஃப்ரேம்ல நாளைக்கு வயர்லெஸ் போட்டா அந்த ஸ்டாப் சும்மா கிடக்கும், அவ்வளவுதான். ஸ்டாப்பே இல்லாத ஃப்ரேம்ல நாளைக்கு கேபிள் போடணும்னா மேல கிளாம்ப் மாட்டணும், இல்லன்னா பெயின்ட்டைச் சுரண்டி ஸ்டாப்பைப் பத்த வச்சு ஒட்டணும். ஸ்டீல் ஃப்ரேம் இருபது வருஷம் ஓடும், கியர் செட் அவ்வளவு நாள் தாங்காது. அதனால எதைப் போட்டாலும் ஸ்டாப் வச்சுக்கங்க.

ஆனா ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்புற இடத்து பேரிங்) வழியா எல்லாத்தையும் உள்ள மறைச்சு ஒண்ணுமே வெளிய தெரியக் கூடாதுங்கறவங்க எலக்ட்ரானிக்கே போட்டுடுங்க. கேபிளுக்கு வளைவு பெருசா, மெதுவா இருக்கணும், ஹேண்டில்பார்ல ஒரு மடக்கு, ஹெட்டியூப்ல (ஃப்ரேமோட முன் குழாய்) ஒரு மடக்குன்னு போனா உராய்வு ஏறி கியர் இறங்கவே யோசிக்கும்.

இப்ப என் கதை. சென்னைலேர்ந்து 400 கிலோமீட்டர் பிஆர்எம், 27 மணி நேரம் டைம். ஆம்பூர் கிட்ட திரும்பி (பிரியாணியை அளவாத்தான் சாப்பிட்டேன், நம்புங்க) பள்ளிகொண்டா பக்கம் வரும்போது ராத்திரி பதினொண்ணு இருக்கும், வலது கைல டக்குனு ஒரு சத்தம், ரியர் டெரெய்லர் நேரா சின்னப் பல்லுக்கு விழுந்துடுச்சு. ஷிஃப்டர் (கியர் மாத்தற லீவர்) உள்ள கேபிள் திரும்புற இடத்துல இழை இழையா பிஞ்சு அறுந்திருக்கு. ஒரு வாரமாவே கியர் ஏறறதுக்குத் தயங்கிட்டுதான் இருந்துச்சு, நான் பேரல் அட்ஜஸ்டரை (கேபிள் இறுக்கத்தைச் சரி பண்ற திருகு) திருகித் திருகி சமாளிச்சேன், தப்பு என்னோடதுதான். கைல ஸ்பேர் கேபிள் இருந்துச்சு, ஆனா அறுந்த தலை ஷிஃப்டருக்குள்ளயே மாட்டிக்கிச்சு, டார்ச் வெளிச்சத்துல நோண்டி எடுக்க முடியல. கடைசில டெரெய்லர்ல தொங்கிட்டிருந்த மிச்சக் கேபிளை மேல இழுத்து பாட்டில் கேஜ் போல்ட்டுக்கு அடியில வச்சு முறுக்கி, நடுப் பல்லுல நிறுத்தி, முன்னாடி இருக்கற ரெண்டு செயின்ரிங்கை (பெடல் பக்கத்துப் பல்சக்கரம்) மட்டும் வச்சு 170 கிலோமீட்டர் ஓட்டி வந்து சேர்ந்தேன். டைமுக்குள்ளதான் முடிச்சேன்.

இதைக் கேட்டு "அப்ப எலக்ட்ரானிக்தானே நல்லது"ன்னு சொல்லுவீங்க. எனக்கு நேர்மாறா பட்டுச்சு. ஒரு போல்ட்டும் ஆலன் கீயும் வச்சு நடுரோட்டுல ஒரு வழி பண்ண முடிஞ்சுது. பேட்டரி தீர்ந்தா எந்தப் பல்லுல நிக்குதோ அதுதான் வீடு வரைக்கும். ஆக்ஸஸ்ல ஒரு வசதி, முன்னாடி பேட்டரியும் பின்னாடி பேட்டரியும் ஒண்ணுதான், மாத்திப் போட்டுக்கலாம். டி.ஐ.2ல சார்ஜ் குறையும்போது முதல்ல முன் டெரெய்லர் நின்னுடும், அது உங்களுக்கு எச்சரிக்கை. சார்ஜ் தீர்றது பெரிய விஷயம் இல்ல, விழுந்து டெரெய்லர் உடைஞ்சா வர்ற பில்லுதான் வயித்தக் கலக்கும்.

ஈசிஆர் பக்கம் ஓட்டறவங்களுக்கு இன்னொண்ணு. உப்புக் காத்துல கேபிளும் அதோட மேலுறையும் சீக்கிரம் கெட்டுடும், நான் இப்பல்லாம் வருஷா வருஷம் உள்கேபிளை கேள்வி கேக்காம மாத்திடறேன். எலக்ட்ரானிக்ல அந்த வேலை இல்ல. ஆனா "ட்யூனிங்கே வேண்டாம்"னு கடைல சொல்றதை நம்பாதீங்க, சைக்கிள் வலது பக்கம் சாஞ்சு ஹேங்கர் (பின் டெரெய்லரைத் தாங்கற துண்டு) வளைஞ்சா அதுவும் கரகரன்னுதான் ஓடும், நிமித்தித்தான் ஆகணும்.

அப்ப வீட்டுல அந்த எலக்ட்ரானிக் எதுக்கு? என் மனைவிக்கு மணிக்கட்டு வலி. கேபிள் ஷிஃப்டர்ல சின்ன செயின்ரிங்லேர்ந்து பெரிசுக்குப் போக இடது லீவரை நல்லா அழுத்தணும், ஏலகிரி பதினாலு வளைவு ஏறி இறங்கி வந்தா ராத்திரி கைல தைலம் தேச்சுட்டு உக்காந்திருப்பா. இப்ப விரலால தொட்டா போதும். அவளுக்கு நான் கேபிள் சிபாரிசு பண்ண மாட்டேன். உங்களுக்கும் விரல், மணிக்கட்டு பிரச்சனை ஏதாவது இருந்தா மேல எழுதினதை எல்லாம் மறந்துட்டு எலக்ட்ரானிக் வாங்குங்க.

பார்ட்ஸ் பத்தி ஒரு வரி. 2021ல 12 ஸ்பீடு (பின்னாடி 12 பல்சக்கரம்) வந்ததுலேர்ந்து ஷிமானோவோட மேல்தட்டு ரோடு கியர் செட் டூரா-ஏஸ், அல்டெக்ரா ரெண்டும் எலக்ட்ரானிக் மட்டும்தான், அவங்க ரோடு செட்ல 12 ஸ்பீடு கேபிள் வேணும்னா அதுக்கு அடுத்த படியான, 2023ல வந்த 105தான். நான் அதைத்தான் போடச் சொல்லுவேன், மிச்சமாகிற காசுல நல்ல வீல் கட்டிக்கலாம். பிளேன்ல தூக்கிட்டுப் போற ஆசை இருந்தா, ஸ்பேர் பேட்டரி எல்லாம் கேபின் பைல வைக்கணும், செக்-இன் பெட்டில போடக் கூடாது.

அப்புறம் ஃப்ரேமுக்கு அளவு குடுக்கப் போறப்ப, டவுன்டியூப் (முன்னாடிலேர்ந்து பெடல் பக்கம் சாஞ்சு இறங்கற குழாய்) கேபிள் ஸ்டாப்ல பேரல் அட்ஜஸ்டர் வச்சுத் தருவாரான்னு கேளுங்க. ஓட்டிக்கிட்டே கையை நீட்டித் திருகலாம்.