எந்தச் செயலியில் குறிப்பெழுதலாம்?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சேர்த்த குறிப்புகள் மலையாகக் குவிந்துவிட்டன. நோஷன், ஆப்சிடியன், ரோம் ரிசர்ச் மூன்றில் எது கருத்துகளை நன்றாக இணைக்கும்?

பதில்: உங்கள் வேலைக்கு ஆப்சிடியன்தான். நூல், ஆசிரியர், ஆண்டு என்று அட்டவணை போட்டு ஒன்றோடொன்று கோப்பதில் நோஷன் கெட்டி. ஆனால், கருத்துகள் கட்டம் பார்த்தா பிறக்கின்றன? ஆப்சிடியனில் எழுதிக்கொண்டே போகும்போது ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் போதும், அந்தப் பெயருள்ள குறிப்புக்கு இணைப்பு விழுந்துவிடும். அந்தக் குறிப்பை இன்னும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. பிறகு அதைத் திறந்தால், எங்கெல்லாம் அதைச் சுட்டியிருக்கிறீர்கள் என்பதும் தெரியும். பேக்லிங்க் என்பது இதுதான். மறந்துபோன யோசனைகள் இப்படித்தான் எனக்குத் திரும்பக் கிடைக்கின்றன. எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகளாக உங்கள் கணினியிலேயே இருப்பது இன்னொரு நிம்மதி.

ரோம் ரிசர்ச்சில் தனி வரியைக்கூட வேறு பக்கத்தில் எடுத்தாளலாம். அருமையான வசதி, ஆனால் சந்தா உண்டு.

சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் சுமார் 90,000 காகிதச் சீட்டுகளுக்கு எண் கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைச் சுட்டியே, செயலி எதுவும் இல்லாமல் கருத்துகளை இணைத்தார். ஆகவே, இணைப்பு போடும்போது ஏன் இணைக்கிறீர்கள் என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். எந்தச் செயலியும் அதை உங்களுக்காக யோசித்துத் தராது. இப்போது எழுதும் அத்தியாயத்தின் குறிப்புகளை மட்டும் முதலில் ஆப்சிடியனுக்கு மாற்றுங்கள். பழையவை தேவைப்படும்போது வரட்டும்.