திட்ட அறிக்கைக்கு என்ன நிறம்?

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணம் பக்கம் மாம்பழக் கூழ் ஆலை தொடங்க வங்கியில் கடன் கேட்கப் போகிறேன். திட்ட அறிக்கையை ஒரு டிசைன் கடையில் கொடுத்தேன். பக்கமெல்லாம் மாம்பழ மஞ்சள், மேலே வெள்ளை எழுத்து, கணக்குக்கு முப்பரிமாண பை சார்ட். எனக்குப் பிடித்திருக்கிறது, அப்பாவோ படிக்கவே முடியவில்லை என்கிறார். என்ன நிறம் வைக்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்பா சொல்வதுதான் சரி. இணையப் பக்கங்களுக்கான அணுகல் வழிகாட்டி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு கேட்கிறது. சுத்த மஞ்சளில் வெள்ளை எழுத்து வைத்தால் 1.07தான் வரும். ஆரஞ்சு வரை போனாலும் 2-ஐத் தொடாது.

இன்னொன்று, அறிக்கை மேலாளர் மேசையோடு நின்றுவிடாது. அங்கிருந்து மேலே போகும், போகிற வழியில் ஜெராக்ஸ் ஆகும். நகலில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிவிடலாம். அதனால் நிறத்தை அழகு பார்த்து எடுக்காதீர்கள், ஒன்று நல்ல அடர்த்தி, ஒன்று நல்ல வெளிர் என்று எடுங்கள். வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, தலைப்புக்கு மாவிலைப் பச்சை. மஞ்சளை ஒரே ஒரு இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் எது என்பதில்தான் உங்கள் அறிக்கையின் உயிர் இருக்கிறது.

கூழுக்குப் பெரும்பாலும் போவது பெங்களூரா என்ற மாம்பழ ரகம். சீசனில் சில மாதங்களுக்குள் பழம் வாங்கப் பணம் மொத்தமாக வெளியே போய்விடும். கூழ் விற்ற பணமோ மெதுவாகத்தான் திரும்பும். இடையில் எப்படித் தவணை கட்டுவீர்கள் என்பது வங்கிக்கு இயல்பாக எழும் சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லும்படி 12 மாதத்துக்கும் ஜோடி ஜோடியாகப் பட்டை வரைபடம் போடுங்கள். செலவு அடர்பச்சை, வரவு மஞ்சள். மஞ்சளுக்கு நான் சொன்ன அந்த ஒரே இடம் இதுதான். மஞ்சள் பட்டைக்குக் கறுப்பு ஓரக்கோடு கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் நகலில் தாளோடு கரைந்துவிடும். அளவுகோல் பூஜ்யத்தில் தொடங்கட்டும். எத்தனை லட்சம் என்பதைப் பட்டையின் தலையிலேயே எழுதுங்கள். எந்த நிறம் எதற்கு என்று ஓரத்தில் தேட வைக்காமல், முதல் ஜோடியின் மேலேயே 'செலவு', 'வரவு' என்று எழுதிவிடலாம்.

பை சார்ட்டைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள். வட்டத்துண்டின் கோணத்தைவிட, ஒரே அளவுகோலில் நிற்கும் பட்டைகளின் உயரத்தைத்தான் கண் சரியாக அளக்கிறது என்று கிளீவ்லாந்து, மெக்கில் என்ற புள்ளியியல் ஆய்வாளர்கள் 1984-லேயே சோதித்துக் காட்டினார்கள். முப்பரிமாணத்தில் சாய்த்தால் இன்னும் மோசம், முன்னால் இருக்கும் துண்டு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். கணக்கு பார்த்தே பழகிய அதிகாரிக்கு, எதையோ மறைக்கிறார்கள் என்ற எண்ணம் வந்தால் அப்புறம் மாற்றுவது கஷ்டம்.

இணையத்தில் எடுத்த பளபள மாம்பழப் படமும் வேண்டாம். உங்கள் நிலம், தண்ணீர் வசதி, சாலையிலிருந்து லாரி உள்ளே வரும் வழி, இவற்றைப் போனில் எடுத்தாலே போதும். ஏ4 அகலத்துக்குத் தெளிவாக அச்சாக வேண்டுமென்றால் படம் சுமார் 2,480 பிக்சல் அகலம் இருக்க வேண்டும். கடைக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.