மாடலில் மரக்கட்டை இடைவெளி

உங்கள் ரயில் பாதை மாடல் ஏன் நிஜம்போல் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். தண்டவாள இணைப்பை ஒட்டிய இரண்டு கட்டைகளை (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர்கள்) நெருக்கி வையுங்கள். 13 மீட்டர் தண்டவாளத்துக்கு 20 கட்டை என்ற உங்கள் கணக்கு சரிதான். இருபதையும் 65 செ.மீ. சம இடைவெளியில் அடுக்கியதால்தான் 1:87 மாடல் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) பொய்யாகத் தெரிகிறது. ஃபிஷ் பிளேட் (இரண்டு தண்டவாள முனைகளைச் சேர்க்கும் இரும்புப் பட்டை) இணைப்பில்தான் சக்கரம் மோதும். அதனால் அங்கே நிஜத்தில் கட்டைகளின் மையத்துக்கு மையம் சுமார் 30 செ.மீ.தான், மாடலில் மூன்றரை மி.மீ.

தாம்பரம் லைனைப் பார்த்துச் செய்தீர்களோ? அங்கே கான்கிரீட் ஸ்லீப்பர், பற்றவைத்த நீளத் தண்டவாளம். இடைவெளி சீராகத்தான் இருக்கும்.

பக்கவாட்டில் பாருங்கள்: இணைப்பு ஒரு கட்டையின் மேல் உட்காராமல், இரண்டுக்கும் நடுவே தொங்க வேண்டும்.

அப்புறம், மட்கிய கட்டையை மட்டும் மாற்றுவதும் வழக்கம். வெளிறிய பழையவற்றுக்கு நடுவே புதிதாகக் கறுப்பில் ஒன்றிரண்டு வைத்தால் அழகு.

பாயிண்ட்டில் (தடம் பிரியும் இடத்தில்) மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே கட்டையின் நீளமே மாறிக்கொண்டு போகும்.