ஊராட்சி வார்டுத் தேர்தல்: கேட்டீர்கள், சொல்கிறோம்

ராமநாதபுரம் மாவட்டத்தின் 429 ஊராட்சிகளுக்கும் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. பிறகு தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அடுத்த தேர்தலை மனதில் வைத்து கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே. தொகைகளெல்லாம் 2019 தேர்தலில் இருந்தவை. புது அறிவிப்பு வந்ததும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் 4-வது வார்டு பட்டியலில் இருக்கிறது. 6-வது வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டால் அங்கே நிற்கலாமா? என்ன தயார் செய்ய வேண்டும்?
வாசகி, பெரியபட்டினம்

தாராளமாக நிற்கலாம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும், பெயர் உங்கள் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். எந்த வார்டில் இருந்தாலும் சரி. ஆனால் உங்களை முன்மொழிபவர் 6-வது வார்டு வாக்காளராகவே இருக்க வேண்டும். பல மனுக்கள் அடிபடுவது இந்த இடத்தில்தான். அவசரத்துக்கு வீட்டிலிருக்கும் நாத்தனாரையோ கொழுந்தனாரையோ கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அவர்கள் பெயரும் 4-வது வார்டிலேயே இருக்கும். பரிசீலனையில் மனு தள்ளுபடியாகிவிடும். தெருவை வைத்தும் முடிவுக்கு வராதீர்கள். ஒரே தெருவின் கீழ்ப்பக்கம் ஒரு வார்டிலும் மேல்பக்கம் இன்னொரு வார்டிலும் இருக்கலாம். வார்டு பட்டியலைக் கையில் வாங்கி, முன்மொழிபவரின் வரிசை எண்ணை நீங்களே பார்த்து மனுவில் எழுதுங்கள்.

அடுத்தது பாக்கி. ஊராட்சிக்குக் கட்ட வேண்டிய வீட்டு வரியோ குடிநீர்க் கட்டணமோ முந்தைய ஆண்டு வரை நிலுவையில் இருந்து, அதற்கு நோட்டீஸ் வந்து கெடுவும் முடிந்திருந்தால் தகுதியே போய்விடும். ஆகவே மனு கொடுக்கும் முன் எல்லாவற்றையும் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வரி மாமனார் பெயரில் இருந்தாலும் கட்டிவிடுவது நல்லது. பரிசீலனை மேசையில் தேவையில்லாத வாக்குவாதம் மிச்சமாகும். ஊராட்சியில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரும், ஊராட்சியோடு நடப்பு ஒப்பந்தம் வைத்திருப்பவரும் நிற்க முடியாது.

டெபாசிட் வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 100. தலைவர் பதவிக்கு 600, 300. அவர்களுக்கு ஒதுக்கிய வார்டென்றால் சாதிச் சான்றிதழும் வேண்டும். கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். மனுவில் பிழை தெரியவந்தால், திருத்தி இன்னொரு மனு கொடுக்க அவகாசம் இருக்க வேண்டுமல்லவா?

நாலு சீட்டு கொடுக்கிறார்கள். எங்கள் வார்டில் செல்லாத ஓட்டு நிறைய விழுந்தது. ஏன்?
வாசகர், தேவிபட்டினம்

வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். முதல் இரண்டில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, கட்டில் மாதிரி பொதுச் சின்னங்கள்தான். கட்சிச் சின்னத்தைத் தேடிக் குழம்பி இரண்டு இடத்தில் முத்திரை வைப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வேட்பாளருக்கு முத்திரை விழுந்தால் அந்தச் சீட்டு செல்லாது. யாருக்கென்று தெரியாதபடி நடுக்கோட்டில் குத்தினாலும், முத்திரைக்குப் பதில் கைநாட்டு வைத்தாலும், பெயரோ கையெழுத்தோ எழுதினாலும் செல்லாது.

மடிப்பதையும் கவனியுங்கள். வேட்பாளர் பெயர்கள் மேலிருந்து கீழாக அச்சாகியிருக்கும். முதலில் நீளவாக்கில் மடித்தால் மை அதே வேட்பாளரின் கட்டத்துக்குள்தான் படியும். அதன்பின் குறுக்கே மடியுங்கள். எடுத்த எடுப்பில் குறுக்கே மடித்தால் ஈர மை வேறு சின்னத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய தடம் தலைகீழாக, மங்கலாக இருக்கும். எண்ணும் மேசையில் உங்கள் ஏஜென்ட் அதைச் சுட்டிக்காட்டி, அசல் முத்திரை எது என்று வாதாடலாம். விவரம் தெரிந்தவரை ஏஜென்டாகப் போடுங்கள். சில நூறு ஓட்டு உள்ள வார்டில் இப்படி நாலைந்து சீட்டு வெற்றியையே மாற்றிவிடும்.

ஓட்டுப்பதிவு அன்று கணவர் விசைப்படகில் கடலுக்குள் இருப்பார். அவர் ஓட்டை நான் போடலாமா?
வாசகி, பாம்பன்

கூடாது. ஒருவர் ஓட்டை இன்னொருவர் போடுவது குற்றம். தபால் ஓட்டும் மீனவர்களுக்கு இல்லை. 2019-இல் டிசம்பர் 27, 30 என்று இரண்டு கட்டமாக, காலை 7 முதல் மாலை 5 வரை ஓட்டுப்பதிவு நடந்தது. உங்கள் ஒன்றியம் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று தெரிந்ததுமே சங்கத்தில் பேசி, முதல் நாளும் ஓட்டுப்பதிவு நாளும் படகு இறக்காமல் முடிவெடுங்கள். காலையில் போகும் விசைப்படகு மறுநாள்தான் கரைக்கு வரும் என்பதால் முதல் நாளையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ஊர்க்கூட்டத்தில் தலைவர் பதவியை ஏலம் விட்டு, பணத்தைப் பொதுக்காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். மற்றவர்கள் மனு கொடுக்கக் கூடாதாம். இது செல்லுமா?
வாசகர், கடலாடி ஒன்றியம்

செல்லவே செல்லாது. கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ போனாலும் அந்தப் பணம் லஞ்சம்தான். போட்டியிடாமல் இருக்கவும் மனுவை வாபஸ் வாங்கவும் பணம் கொடுப்பதும் வாங்குவதும் தேர்தல் குற்றம். ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை எங்கிருந்து எடுப்பார் என்று யோசியுங்கள். தெருவிளக்கிலும் குழாயிலும் வாய்க்காலிலும்தான் கை வைப்பார். ஒரே ஒரு மனு மட்டும் இருந்தால்தான் போட்டியின்றி அறிவிப்பார்கள். ஆகவே இன்னொருவர் மனு கொடுத்து வாபஸ் வாங்காமல் இருந்தாலே ஏலம் உடைந்துவிடும். மிரட்டினால் மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டரிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். கூட்டம் நடந்த நாள், இடம், பேசிய தொகை மூன்றையும் குறிப்பிடுங்கள்.

தோற்றவரும் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டுமா? ஓட்டு சமமாக வந்தால்?
வாசகர், வாலிநோக்கம்

கட்டாயம் கொடுக்க வேண்டும், முடிவு வந்த 30 நாளுக்குள். தவறினால் மூன்று ஆண்டு போட்டியிட முடியாமல் போகலாம். வார்டு உறுப்பினருக்கு உச்சவரம்பு 9,000 ரூபாய், தலைவருக்கு 34,000. ஆட்டோ, மைக், நோட்டீஸ் என்று அன்றன்றைக்கே எழுதி ரசீதைச் சேர்த்து வையுங்கள். ஓட்டு சமமாக வந்தால் குலுக்கல்தான். மறு எண்ணிக்கை வேண்டுமென்றால் மொத்த ஓட்டு விவரத்தைச் சொன்னவுடனே, முடிவை அறிவிக்கும் முன் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அறிவித்துவிட்டால் தேர்தல் அலுவலர் கையில் ஒன்றும் இல்லை. மாவட்ட நீதிபதியிடம் தேர்தல் வழக்குதான் போட வேண்டும்.